பம்புக் கம்பி முறிந்ததற்கு நான் எழுதிய மூன்று காரணங்கள்

இரும்புச் சாமான் வியாபாரத்தில் ஒரு பெரிய சௌகரியம், முறிந்த சாமானுக்கு வாய் கிடையாது. அது ஏன் முறிந்தது என்று அதற்காக வேறு யாராவது பேச வேண்டும், ஹட்டனில் அந்தப் பேச்சு வேலைக்கு என்னை வைத்திருந்தார்கள்.

தோட்டங்களுக்கு பம்பு, பெல்ட், நட்டு, போல்ட்டு விற்கிற கடை அது. பின்பக்கம் ஒரு பட்டறையும் உண்டு. விற்ற சாமான் உடைந்தால் தோட்டத்திலிருந்து புகார்க் கடிதம் வரும். அதற்கு மரியாதையாகவும் நீளமாகவும், குற்றம் எங்களுடையது இல்லை என்று தெரியும்படியும் பதில் எழுதுவது என் உத்தியோகம். பிறர் கோபத்துக்குப் பதில் எழுதியே வயிறு வளர்க்கும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆளைத் தேடி வந்தவர்

நோர்வூட் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த என் அப்பா, பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துவிட்டு வந்த மகளும் டீச்சராகத்தான் ஆவாள் என்று நம்பியிருந்தார். மாட்டேன் என்று மூன்று நாள் சண்டை பிடித்து இந்தக் கடையில் சேர்ந்தேன். இயந்திரத்தோடு வேலை செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவளுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே இயந்திரம் டைப்ரைட்டர்.

முதல் வாரமே ராகலையிலிருந்து ஒரு மரக்கறித் தோட்டக்காரர் வந்தார். கையில் குடை, மடியில் பழைய துணி சுற்றிய ஒரு பித்தளை வால்வு. என் தலைக்கு மேலாகப் பட்டறையை எட்டிப் பார்த்து, "ஆளு யாரும் இல்லியா?" என்றார். எனக்கு உச்சி கொதித்துவிட்டது. இங்கே உட்கார்ந்திருப்பது ஆள் இல்லாமல் வேறென்ன என்று கேட்டேன். ஒரு பெண் நாட்டையே ஆண்டுகொண்டிருக்கும்போது ஒரு கடை மேசையை ஆளக்கூடாதா என்று கேட்டேன். கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த மனிதர் குடையை ஊன்றிக்கொண்டு பொறுமையாக நின்றார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னார்: "நான் ஆம்பிளையக் கேக்கலீங்கம்மா, வால்வு தெரிஞ்ச ஆளக் கேட்டேன்."

முதலாவது காரணம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, ஒரு சாக்கு மூட்டை வந்தது. உள்ளே இரண்டாக முறிந்த பம்புக் கம்பி. கூடவே ஸ்டோரின் பொறுப்பாளரான டீமேக்கரின் கடிதம். அந்தத் தோட்டத்தில் ஓடைக்கரைப் பள்ளத்தில் ஓர் ஆழமான கிணறு. மேலே எஞ்சின் ஓட, கிணற்றுக்குள் ஒரு நீளமான இரும்புக் கம்பி நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்து தண்ணீரை மேட்டுக்குத் தள்ளும். ஸ்டோருக்கும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கும் அந்தத் தண்ணீர்தான். கம்பி ஒரே கம்பியல்ல. பத்து அடிக் கம்பிகள் ஆறு. ஒவ்வொன்றின் நுனியிலும் திருகு மரை வெட்டி, சொக்கட் என்கிற குழல் துண்டால் ஒன்றோடொன்று பூட்டியிருக்கும். முறிந்தது சரியாக அந்த மரையில், சொக்கட்டின் வாயருகே.

நான் முறிந்த கம்பியைப் பார்த்தேன். ஸ்பானர் கடித்த தழும்பும் பார்த்தேன். உடனே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டு, தேவைக்கு மேல் இறுக்கியதால் மரை விண்டுபோய்விட்டது என்று முடிவு கட்டினேன். பட்டறையில் லேத் மெஷின் ஓட்டும் செபமாலை அண்ணன் கம்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "எட்டு வருசம் ஓடுன கம்பி தங்கச்சி, துரு தின்ன பள்ளம் தெரியுது. இறுக்குனதால முறிஞ்ச மாதிரி தெரியலியே" என்றார். விடுவேனா? நியூட்டனில் ஆரம்பித்தேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். பாதியில் லேத்தை மறுபடி ஓடவிட்டார். நான் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தி முடித்தேன்.

புதுக் கம்பிகளோடு என் கடிதமும் தோட்டத்துக்குப் போயிற்று: "இனிமேல் ஸ்பானர் கொண்டு இறுக்கக் கூடாது. கையால் திருகி, பிடித்ததும் நிறுத்திவிட வேண்டும்." வாசித்துக் காட்டியபோது செபமாலை அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க ஜெயிச்சிட்டீங்க தங்கச்சி. கம்பிகிட்டயும் இதே மாதிரி பேசிப் பாருங்க."

கிணற்றடியில் இரண்டாவது காரணம்

கம்பி என் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் புதுக் கம்பி ஒன்று முறிந்தது. அதை மாற்றிய பத்தாம் நாள் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்த கம்பிகளைக் கொக்கி போட்டு வெளியே எடுப்பதற்குள் இரண்டு மூன்று நாளாகிவிடும். அத்தனை நாளும் லயத்துப் பெண்கள் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, பள்ளத்தில் இறங்கி ஓடைத் தண்ணீரைக் குடத்தில் தூக்கினார்கள். டீமேக்கர் கோபமாகக் கடிதம் எழுதினார். எங்கள் கடை மேனேஜர், "மிஸ், நேரில போய்ப் பாத்து ஒரு ரிப்போர்ட் எழுதுங்க" என்று என்னைத் தலவாக்கலை வழியாக பஸ் ஏற்றிவிட்டார்.

கிணற்றடியில் பம்புக்காரர் வீரமலை நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், முகத்தில் எரிச்சல். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு யாரிடமெல்லாம் டீச்சர் இல்லை என்று சொல்லி வந்தேனோ, அத்தனையும் வீணாகும்படி "வாங்க டீச்சரம்மா" என்றார். எஞ்சினுக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் சூடம் எரித்த கறை. மேலே இழுத்து வைத்திருந்த கம்பிகளைப் பார்த்தால், ஒவ்வொரு பூட்டிலும் சொக்கட்டுக்குக் குறுக்கே செக்கச் சிவந்த ஒரு கோடு! எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. "இயந்திரத்தைப் பராமரிக்கச் சொன்னால் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டா இருக்கிறீர்கள்?" என்று பிடித்துக்கொண்டேன்.

"இல்லீங்க, ஒங்க கடுதாசி வந்த பெறகுதான்..." என்று ஆரம்பித்தார். கடிதம் வந்த பிறகாவது திருந்தியிருக்க வேண்டாமா என்றேன். "அந்தக் கோடு எதுக்குன்னா..." என்றார். எதற்கென்று எனக்குத் தெரியும் என்றேன். அவர் வாயை மூன்று தடவை திறந்தார். மூன்று தடவையும் நான்தான் பேசினேன். டீமேக்கரின் மேசையிலேயே உட்கார்ந்து இரண்டாவது காரணத்தை எழுதினேன்: "பம்புக்காரரின் கவனக்குறைவு. பராமரிப்புக்குப் பதிலாகக் கம்பிகளுக்குக் குங்குமம் வைத்து வழிபடுகிறார்." பகுத்தறிவுக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு எழுந்தேன். பஸ்ஸுக்குப் போகிற வழியில் வீரமலை குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். நான் இன்னமும் பேசிக்கொண்டிருந்தேன். பஸ் வந்ததும் சொன்னார்: "நான் சொல்ல வேண்டியதையும் சேத்து நீங்களே பேசிட்டீங்க டீச்சரம்மா. எனக்கு வாய் வலி மிச்சம்."

பிளேன்டி வளையம்

முறிந்த மூன்று துண்டுகளும் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவிக்கொண்டிருந்தன. ஒருநாள் பிளேன்டி என்கிற பால் விடாத தேநீர் குடிக்கிற நேரத்தில் செபமாலை அண்ணன் அவற்றைத் துடைத்து வரிசையாக நிறுத்தினார். முறிந்த முகத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு பக்கம் வழவழப்பு. அதிலே வரி வரியாகக் கோடுகள், பிளேன்டி குடித்துக் கழுவாமல் வைத்த கோப்பைக்குள் வளையம் வளையமாகக் காய்ந்திருக்குமே, அந்த மாதிரி. மறுபக்கம் மட்டும் உடைத்த கற்கண்டு போலக் கரடு.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். உலோகம் களைத்துப் போவது. ஒரே இழுப்பில் கம்பி அறவில்லை. மரையின் பள்ளத்தில் முடியளவு ஒரு விரிசல் விழுந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்திருக்கிறது. மிச்சமிருந்த கரட்டுத் துண்டு கடைசியில்தான் தாங்க மாட்டாமல் விட்டது. நிமிடத்துக்கு இருபது இழுப்பு. நாளைக்கு எத்தனை ஆயிரம் என்று பாருங்கள். பூட்டு இறுகியிருந்தால் மரை முடிகிற இடத்தில் தடித்திருக்கும் கம்பியின் தோளும் சொக்கட்டின் வாயும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அந்தப் போக்குவரத்தை வாங்கிக்கொள்ளும். தளர்ந்திருந்தால் அத்தனை ஆயிரமும் மரையின் தலையில். மூன்றிலும் சொக்கட்டின் வாயைப் பார்த்தேன். எட்டு வருடக் கம்பியில் சுத்தமாக இருந்தது. என் கடிதத்துக்குப் பிறகு வந்த இரண்டிலும் ஒன்றோடொன்று மோதி மோதி நசுங்கிப் பளபளத்தது.

ஸ்பானரால் இறுக்கிய எட்டு வருடம் எங்கே, கையால் திருகிய மூன்று வாரம் எங்கே? அப்போதும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "பூட்டுத் தளர்ந்திருந்தால் பம்புக்காரருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? அவர் குற்றமும் இருக்கிறது" என்று வாதாடினேன். செபமாலை அண்ணன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "களைச்சுப் போறது இரும்பு மட்டுமில்ல தங்கச்சி."

குங்குமம்

அதற்கடுத்த புதன்கிழமை ஒரு பெண் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். வீரமலையின் மனைவி பாக்கியம். கொழுந்து பறிக்கிற கறை படிந்த விரல்களால் ஒரு கடிதத்தை என் முன் வைத்தாள். என் ரிப்போர்ட்டைப் படித்த துரை, அதாவது தோட்டத்தின் நிர்வாகி, வீரமலையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். திங்கட்கிழமைக்குள் லயத்துக் காம்பிராவை, அவர்கள் குடியிருந்த அந்த ஒற்றை அறையை, காலி செய்ய வேண்டும். அந்தக் காம்பிரா வீரமலையின் பேரில் கிடைத்தது. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு இன்னமும் பதில் வராத குடும்பம். கரைச்சல் பிடித்தவன், தொல்லைக்காரன் என்று பெயர் விழுந்த ஆளை எந்தத் தோட்டமும் சேர்க்காது.

அழுவாள் என்று நினைத்து நான் எழுந்து நாற்காலியைத் தள்ளினேன். அவள் உட்காரவும் இல்லை, அழவும் இல்லை. "எழுதுனது நீங்கதானுங்களே?" என்றாள். ஆமாம் என்றேன். பூட்டுத் தளர்ந்தது தெரிந்தும் உங்கள் வீட்டுக்காரர் சும்மா இருக்கலாமா என்று, வழக்கம் விட்டுப்போகாமல், ஆரம்பித்தேன்.

"தெரியாமயா கோடு போட்டாரு?" என்றாள். "கம்பியிலயும் சொக்கட்லயும் சேத்து ஒரே கோடா இழுப்பாரு. அடுத்த தடவ மேல தூக்குறப்ப கோடு ரெண்டா வெலகியிருந்தா தளந்துபோச்சுன்னு அர்த்தம். ஒங்க கடுதாசி வந்த பெறகு தெனம் வெலகுது, தெனம் போயி டீமேக்கரய்யாகிட்ட சொல்றாரு. இறுக்கட்டுமான்னு கேட்டா, இறுக்கக் கூடாதுன்னு கம்பெனி எழுதியிருக்குன்னு அனுப்பிடறாங்க." எஞ்சினுக்கு மாலையும் கம்பியில் குங்குமமும் இருந்தால் நான் வேறென்ன நினைப்பேன் என்று முணுமுணுத்தேன். அது குங்குமமே இல்லை. ஸ்டோரில் குழாய்க்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ட். பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள், பௌதிகம் படித்த என்னிடம் கேட்டாள்: "கெணத்துக்குள்ள முங்கிக் கெடக்கிற கம்பியில குங்குமம் நிக்குமாங்க?"

கம்பெனி மரியாதை

மேனேஜரிடம் ஓடினேன். இரண்டு கடிதமும் தவறு, திருத்தி எழுத வேண்டும் என்றேன். அவர் அமைதியாக, கம்பெனியின் கடதாசியில் தவறு என்ற சொல் வராது என்றார். ஒரு குடும்பம் தெருவுக்கு வருகிறது என்றேன். அதற்காக மிகவும் வருந்துகிறோம் என்று எழுதலாமே என்றார். நியாயம், அறம், விஞ்ஞானம், எல்லாவற்றையும் கொண்டுவந்து அவர் மேசையில் கொட்டினேன். பட்டறையில் லேத் நின்றுவிட்டது. எல்லோரும் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் குரல் இன்னும் உயர்ந்தது. கடைசியில் அவர் என் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். என் சொந்தக் கடதாசியில், சொந்தப் பெயரில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளச் சொன்னார். "மிஸ், கம்பெனி தப்புப் பண்றதில்ல, தப்புப் பண்றவங்க கம்பெனியில வேல செய்யலாம், அவ்வளவுதான்."

நிறுவைக்கு முன்னால்

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். வெளியே தூறல், உள்ளே எனக்கு வியர்வை. நல்லவேளையாக துரை ஸ்டோரில் இருந்தார். கிணற்றிலிருந்து கம்பிகளை மேலே இழுக்கச் சொன்னேன். வேலை போவதற்கு முதல்நாள் வீரமலை கோடு போட்டு இறக்கிய அதே கம்பிகள். ஐந்து பூட்டு வந்தது; ஐந்திலும் கோடு விலகியிருந்தது. டீமேக்கர், "அப்படியானால் இவன் இறுக்கியிருக்க வேண்டாமா?" என்றார். கையில் என் முதல் கடிதத்தை வைத்துக்கொண்டே அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பழைய உற்சாகத்தைத் தந்தது.

இறுக்குவதால் கம்பிக்குப் பாரம் கூடும்தானே, பிறகு அது எப்படி அதைக் காப்பாற்றும் என்று துரை கேட்டார். நியாயமான கேள்வி. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அவரை அழைத்துப் போனேன். உத்தரத்தில் சுருள்வில் தராசு தொங்கியது. கொக்கியைக் கீழே இழுத்து முள் ஐம்பது றாத்தலைக் காட்டும்படி பிடித்து, கொக்கி மேலே திரும்பிப் போகாதபடி தராசின் உடலுக்கும் கொக்கிக்கும் இடையில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். "இதுதான் இறுக்கிய பூட்டு" என்று கம்பீரமாகக் கையை எடுத்தேன். கட்டை தெறித்துப்போய் டீமேக்கரின் முழங்காலில் பட்டது.

அவர் நொண்டிக்கொண்டு போனார். ஓரமாக நின்ற வீரமலை கட்டையை எடுத்து, கத்தியால் இரண்டு பக்கமும் பள்ளம் செதுக்கி, ஆடாமல் உட்காரவைத்தார். இப்போது கொக்கியில் இருபது றாத்தல் கொழுந்துச் சாக்கை மாட்டினேன். முள் ஐம்பதிலேயே நின்றது. சாக்கை எடுத்தேன், ஐம்பது. மாட்டினேன், ஐம்பது. பிறகு கட்டையை உருவிவிட்டு அதையே செய்தேன். முள் இருபதுக்கும் சைபருக்கும் இடையே ஏறி இறங்கி ஏறி இறங்கித் தவித்தது. "இறுகிய பூட்டில் கம்பிக்குப் பாரம் உண்டு, ஆட்டம் இல்லை. தளர்ந்த பூட்டில் நாளெல்லாம் இந்த ஆட்டம்தான். கம்பியைக் கொல்வது ஆட்டம்" என்றேன். துரை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தளர்வாக விடச் சொன்னது யார்?" என்று கேட்டார். வாழ்க்கையிலேயே ஒரே சொல்லில் நான் சொன்ன பதில் அது: "நான்."

அதற்குள் மத்தியான நிறுவைக்கு நேரமாகிவிட்டது. பெண்கள் கூடைக் கொழுந்தோடு கொட்டகை நிறைய வந்து நின்று, தங்கள் தராசை எவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தார்கள். வீரமலை அன்று மத்தியானமே வேலைக்குத் திரும்பலாம், காம்பிராவும் அவருக்கே என்று துரை சொன்னார். வீரமலை நகரவில்லை. "கும்பிடுறேன் தொர. ஆனா கம்பி முறிச்சவன்னு லயமே என்னைய ஏசுது. எம் பொண்டாட்டி கொடத்தோட போனா பாதை விட மாட்டேங்குறாங்க. எழுதுனவங்களே இவங்ககிட்டச் சொல்லட்டும்" என்றார். பாக்கியம் கூட்டத்தில்தான் நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கையில் எழுதி வைத்திருந்த மூன்றாவது காரணத்தை விரித்தேன். மேடைப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிய எனக்கு அந்த நான்கு வரியை வாசிக்க மூன்று தடவை தொண்டையைச் செருமவேண்டியிருந்தது. "கம்பி முறிந்தது வீரமலையின் கவனக்குறைவால் அல்ல. இறுக்க வேண்டிய பூட்டை இறுக்காதே என்று நான் எழுதினேன். பூட்டுத் தளர்கிறது என்று அவர் தினமும் டீமேக்கரிடம் சொன்னார். என்னிடம் சொல்ல வந்தபோது நான் கேட்கவில்லை." முன்வரிசையில் நின்ற ஒரு பெண் தலைக்கயிற்றைத் தளர்த்திக் கூடையை இறக்கினாள். "சரிங்கம்மா, ஒத்துக்கிட்டீங்க. அத்தன நாளும் நாங்க பள்ளத்துல எறங்கித் தண்ணி தூக்குனமே, இப்பவாச்சும் ஒரு கொடம் தூக்கிட்டுப் போங்களேன்" என்றாள். சிரிப்பு எழுந்தது. நான் நிஜமாகவே முந்தானையைச் செருகிக்கொண்டு, குடம் எங்கே என்று கேட்டேன். வீரமலை ஸ்பானரைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்துகொண்டே சொன்னார்: "வேணாம் விடுங்க. டீச்சரம்மாவத் தூக்கச் சொன்னா, கொடத்த எப்படிப் பிடிக்கணும்னு நமக்கு ஒரு கடுதாசி எழுதிப்புடுவாங்க."

அதற்குப் பிறகும் நான் வாதாடுவதை விடவில்லை. எதிரே நிற்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கப் பழகியதில், முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தோற்கிறேன், அவ்வளவுதான்.